குளோரினுக்குப் பிறகும் வாழும் கிருமிகள்: குடிநீர்க் குழாயின் அறிவியலும் அரசியலும்

(நகர்ப்புறக் குடிநீர் குறித்துத் தில்லியில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடிநீர் பற்றிய நமது கூட்டங்களில் பெரும்பாலும் அளவைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை மணி நேரம் வந்தது, எந்தக் குடியிருப்புக்கு வரவில்லை என்பவையே நமது மனுக்களில் இடம்பெறுகின்றன. அவை நியாயமான கேள்விகள். ஆனால் வந்த நீர் எப்படிப்பட்ட நீர் என்ற கேள்வியை மட்டும் பொறியாளர்களிடமும் ஆய்வகங்களிடமும் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கிக் கொள்கிறோம்.

ஒரு குடியிருப்பில் வயிற்றுப்போக்கு பரவும்போது அதிகாரிகள் தரும் விளக்கம் ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான். “சுத்திகரித்து, குளோரின் கலந்துதான் அனுப்பினோம்” என்பார்கள். பல நேரங்களில் அது உண்மையாகவே இருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலில் எடுத்த மாதிரி தூய்மையாகவே இருக்கும். அப்படியானால் அங்கே கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் கிருமி, இங்கே ஒரு தொழிலாளியின் வீட்டுக் குழாயில் எப்படி உயிரோடு வந்து சேர்கிறது? இந்தக் கேள்விக்கு அறிவியல் தெளிவான விடை தருகிறது. அந்த விடை நம்மை அரசியலுக்கே இட்டுச் செல்கிறது.

குளோரின் செய்த பெரும்பணி

முதலில் ஒன்றை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும். நீரைக் கிருமிநீக்கம் செய்வது மனிதகுலம் கண்ட மாபெரும் பொதுச் சுகாதாரச் சாதனைகளில் ஒன்று. 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா 8,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதையொட்டியே இருந்த அல்டோனா நகரமும் அதே எல்பே ஆற்று நீரைத்தான் பயன்படுத்தியது. ஆனால் அங்கு நீரை மணற்படுகையில் வடிகட்டி அனுப்பினார்கள். நோய் பெருமளவில் தவிர்க்கப்பட்டது. வணிகர்கள் ஆட்சி செய்த ஹாம்பர்க், வடிகட்டும் நிலையத்திற்கான செலவை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளோரின் வந்தது. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் நகரம் முழுமைக்குமான நீரில் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்க்கும் முறை தொடங்கியது. டைஃபாய்டு, காலரா போன்ற நோய்களின் பிடி தளர்ந்ததில் மணல் வடிகட்டிக்கும் குளோரினுக்கும் பெரும் பங்கு உண்டு.

நீரில் கரையும் குளோரின், ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறுகிறது. மின்னேற்றம் இல்லாத இந்தச் சிறு மூலக்கூறு பாக்டீரியாவின் உறையைக் கடந்து உள்ளே சென்று, அதன் புரதங்களையும் நொதிகளையும் சிதைக்கிறது. நீரின் கார அமில நிலை, அதாவது பி.எச். அளவு, 7.5ஐ நெருங்கும்போது இந்த அமிலத்தில் பாதி, வீரியம் மிகக் குறைந்த ஹைப்போகுளோரைட் அயனியாகிவிடுகிறது. பி.எச். 8ஐத் தாண்டினால் பெரும்பகுதி அவ்வாறே மாறிவிடும். எனவே எவ்வளவு குளோரின் போட்டோம் என்பது மட்டும் போதாது. எந்த நீரில், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின், குறைந்தது 30 நிமிடத் தொடர்பு, 8க்கும் குறைந்த பி.எச். என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுவது இதனால்தான். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, நுகர்வோரைச் சென்றடையும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. 100 மில்லி லிட்டர் நீரில் ஒரு ஈ.கோலை பாக்டீரியாகூட இருக்கலாகாது என்கிறது.

தெளிந்த நீரில் தனித்து மிதக்கும் ஈ.கோலை, இந்த அளவு குளோரினில் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. ஆனால் நம் நகரங்களின் நீர் தெளிந்ததும் அன்று. அதில் வாழும் பாக்டீரியா தனித்து மிதப்பதும் இல்லை. சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தில்லி தந்த முதல் பாடம்

1955 நவம்பரில் இதே தில்லியில் யமுனையின் போக்கு மாறி, நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர் வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் உறிஞ்சு முனைக்கே வந்து சேர்ந்தது. ஆபத்தை உணர்ந்த பொறியாளர்கள் படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். டைஃபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. அந்த அளவில் குளோரின் தன் வேலையைச் செய்தது. ஆனால் சில வாரங்களில் நகரைக் காமாலை சூழ்ந்தது. 29,000க்கும் மேற்பட்டோருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கருவுற்ற பெண்களிடையே உயிரிழப்பு அதிகமாக இருந்தது. அது ஹெபடைடிஸ்-ஈ எனும் வைரஸ் என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது.

பாக்டீரியா செத்துவிட்டது என்பதால் நீர் பாதுகாப்பானது என்று பொருளல்ல; மூலநீரில் சாக்கடை கலந்தபின் எந்த மருந்தும் முழுப் பாதுகாப்புத் தராது. இவையே அன்றைய பாடங்கள். எழுபது ஆண்டுகள் கடந்தும் யமுனையின் நிலை மாறவில்லை. ஆலைக் கழிவும் சாக்கடையும் சேர்ந்து ஆற்று நீரில் அம்மோனியா லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராமைத் தாண்டும் போதெல்லாம் வஜீராபாத், சந்திராவல் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க நேரிடுகிறது. அம்மோனியா குளோரினை விழுங்கிவிடும். ஒரு பங்கு அம்மோனியாவை வெல்லச் சுமார் எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் தேவைப்படுகிறது. அதற்குக் குறைவாகப் போட்டால் உருவாவது குளோரமின். அது நீண்ட நேரம் நீடிக்கும். ஆனால் கொல்லும் வேகம் மிகக் குறைவு.

கிருமிகளின் தற்காப்பு

பாக்டீரியா குளோரினிடமிருந்து தப்பும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கலங்கல். மண்துகளின் இடுக்கிலும் மலத்துகளின் உள்ளேயும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவைக் குளோரின் தொடுவதற்குள் அந்தத் துகளே குளோரினைத் தின்று தீர்த்துவிடுகிறது. வடிகட்டாமல் குளோரின் மட்டும் தெளிப்பது, அழுக்கைத் துடைக்காமல் வாசனைத் திரவியம் தெளிப்பதைப் போன்றது.

இரண்டாவது, உயிர்ப்படலம். இதுவே மிக முக்கியமானது. குடிநீர்க் குழாயின் உட்சுவரைத் தொட்டால் வழுக்கும். அந்த வழுவழுப்பு, பாக்டீரியாக்கள் தாமே சுரக்கும் பசையால் கட்டிக்கொண்ட குடியிருப்பு. குழாய் வலையமைப்பில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி ஓடும் நீரில் இல்லை; இந்தச் சுவர்ப் படலத்தில்தான் இருக்கிறது. குளோரின் மேலடுக்கைத் தாக்குகிறது. உள்ளே ஊடுருவும் முன் பசையோடு வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. உள்ளடுக்கில் இருப்பவை உணவு குறைந்த நிலையில் மெதுவாக வளர்கின்றன. அந்த மந்தநிலையே அவற்றுக்குக் கவசமாகிறது. பரப்பில் ஒட்டி வளர்ந்த பாக்டீரியாவின் தாங்குதிறன், மிதக்கும் பாக்டீரியாவை விட 150 மடங்கு வரை உயர்வதை 1988இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. துருப்பிடித்த இரும்புக் குழாயில் நிலைமை இன்னும் மோசம். துருவும் குளோரினைத் தின்கிறது. அதன் மேடு பள்ளங்கள் படலத்திற்கு நல்ல நிலமாகின்றன. திடீரென்று நீரழுத்தம் ஏறும்போது படலம் பிய்ந்து, குழாய் வழியே வீட்டுக்குள் வருகிறது.

மூன்றாவது, அமீபாவின் வயிறு. உயிர்ப்படலத்தை மேய்ந்து வாழும் அமீபாக்கள் பாக்டீரியாவை விழுங்கிச் செரிக்கின்றன. ஆனால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா செரிக்கப்படுவதில்லை. அமீபாவின் உள்ளேயே பெருகுகிறது. அமீபா தன்னைச் சுற்றிக் கட்டும் கூடு குளோரினுக்கு எளிதில் இளகுவதில்லை. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய மர்ம நிமோனியாவில் 29 பேர் இறந்தனர். அதிலிருந்துதான் இந்தப் பாக்டீரியா அடையாளம் காணப்பட்டது. அதே நாட்டின் ஃபிளிண்ட் நகரில், 2014இல் செலவைக் குறைப்பதற்காக நீராதாரத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயம் கரைந்து குழந்தைகளின் இரத்தத்தில் ஏறியதை உலகம் அறியும். அரித்த குழாய்களில் குளோரின் தீர்ந்துபோனதும், அந்தக் காலத்தில் லெஜியோனெல்லா நோயால் குறைந்தது 12 பேர் இறந்ததும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. கறுப்பின உழைப்பாளி மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம் அது.

நான்காவது, உடலமைப்பு. காசநோய்க் கிருமியின் உறவினர்களான சில மைக்கோபாக்டீரியாக்களின் உறை மெழுகுத் தன்மை கொண்டது. குளோரின் எளிதில் உட்புகாது. பாசில்லஸ் போன்றவை வித்தாக உருமாறி நீண்ட காலம் உறங்குகின்றன. குளோரின் கலந்த வலையமைப்பில் நிலைத்து வாழும் பாக்டீரியாக்கள், குளோரின் கலவாத வலையமைப்பில் உள்ளவற்றை விட அதிகத் தாங்குதிறன் பெற்றிருப்பதை 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் கண்டனர். அரைகுறை அளவு மருந்து கிருமியை ஒழிப்பதில்லை. வலியவற்றைத் தேர்ந்தெடுத்து விட்டுவைக்கிறது.

ஆய்வகத்தின் கண்ணுக்குத் தப்புபவை

நீர் மாதிரியை ஊட்டப்பொருளில் வைத்து வளர்த்து, முளைக்கும் பாக்டீரியாத் திட்டுகளை எண்ணுவதே நடைமுறையில் உள்ள சோதனை. முளைக்கவில்லை என்றால் செத்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். காலரா கிருமியும் ஈ.கோலையும் நெருக்கடிக்கு ஆளாகும்போது, உயிரோடு இருந்தும் ஆய்வகத் தட்டில் வளராத ஒரு நிலைக்குச் செல்லக்கூடும் என்பதை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லின் குழு 1982இல் எடுத்துக்காட்டியது. குளிர், பட்டினி, குளோரின் ஆகியவை அத்தகைய நெருக்கடிகள். சாதகமான சூழல் திரும்பும்போது அவற்றுள் சில விழித்தெழவும் கூடும்.

இதனால் சோதனையே வீண் என்று முடிவுகட்டலாகாது. ஈ.கோலை முளைத்தால் ஆபத்து உறுதி. முளைக்காவிட்டால் பாதுகாப்பு உறுதி என்று சொல்ல முடியாது. எனவே ஒரு சான்றிதழை மட்டும் நம்பாமல், எஞ்சிய குளோரின், கலங்கல், நீரழுத்தம் ஆகியவற்றைக் குழாயின் கடைசி முனை வரை தொடர்ந்து அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

தில்லிக் குழாயில் என்.டி.எம்.-1

பாக்டீரியா தப்புவதோடு கதை முடிவதில்லை. அது சுமந்து வரும் மரபணுவும் தப்புகிறது. கடைசிப் புகலிடமாகக் கருதப்படும் கார்பாபெனெம் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் நொதிக்கான மரபணு என்.டி.எம்.-1. 2010இல் தில்லியில் மாதிரிகள் எடுத்து, 2011இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 171 தேங்குநீர், கசிவுநீர் மாதிரிகளில் 51இலும், 50 குழாய்நீர் மாதிரிகளில் 2இலும் இந்த மரபணு கண்டறியப்பட்டது. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா இனத்திலும் காலரா கிருமியிலும்கூட அது புகுந்திருந்தது.

அன்றைய அரசின் எதிர்வினை என்ன? மரபணுவுக்கு ‘நியூ தில்லி’ என்று பெயரிட்டது தேச அவமதிப்பு என்றார்கள். மருத்துவச் சுற்றுலா வணிகத்தைக் கெடுக்கும் சதி என்றார்கள். பெயரைப் பற்றி எழுந்த சினத்தில் ஒரு பகுதியேனும் அந்த இரண்டு குழாய்களைப் பற்றி எழவில்லை. உயிர்ப்படலம் பாக்டீரியாக்கள் நெருங்கி வாழும் இடம். அங்கே எதிர்ப்பு மரபணுக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாகக் கைமாறுகின்றன. கொல்லாத அளவிலான குளோரின் இந்தக் கைமாற்றத்தைத் தூண்டக்கூடும் என்றும் ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஐந்து நட்சத்திர மருத்துவமனையில் காப்பீடு வைத்திருப்பவரும் தப்ப முடியாத ஆபத்து இது.

விட்டுவிட்டு வரும் நீர்

இந்திய நகரங்களில் நீர் நாள் முழுவதும் வருவதில்லை. சில மணி நேரம், சில ஊர்களில் சில நாட்களுக்கு ஒருமுறை. நீர் நின்றதும் குழாயினுள் அழுத்தம் வீழ்கிறது. அப்போது குழாய் வெளியேயிருந்து உறிஞ்சத் தொடங்குகிறது. வெடிப்புகள் வழியாகவும் தளர்ந்த இணைப்புகள் வழியாகவும் அருகில் தேங்கியுள்ள சாக்கடை உள்ளே நுழைகிறது. குடிசைப் பகுதிகளில் வீட்டு இணைப்புக் குழாய்கள் திறந்த சாக்கடையின் ஊடாகவே செல்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். போதாக்குறைக்கு, வசதி உள்ளவர்கள் மோட்டார் வைத்து நேரடியாக இழுக்கும்போது அந்த உறிஞ்சல் இன்னும் வலுக்கிறது. நின்ற நீரில் எஞ்சிய குளோரின் தீர்கிறது, படலம் தடிக்கிறது. அடுத்த முறை வால்வு திறந்ததும் வரும் முதல் நீரில் இவை அனைத்தும் சேர்ந்து வருகின்றன. நாட்கணக்கில் காத்திருந்த பெண்கள் அந்த முதல் நீரையும் விடாமல் பிடித்தாக வேண்டும்.

கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட் நகரில் ஒரே மூலநீரைப் பெறும் இருவகைப் பகுதிகளை ஒப்பிட்டு 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. விட்டுவிட்டு நீர் பெறும் பகுதிகளின் குழாய் மாதிரிகளில் 31.7 விழுக்காட்டில் ஈ.கோலை இருந்தது. 24 மணி நேரமும் நீர் பெறும் பகுதிகளில் அது வெறும் 0.7 விழுக்காடு. குளோரின் ஒன்றே, பாக்டீரியாவும் ஒன்றே. வேறுபட்டவை அழுத்தமும் குழாயும்தான். தொடர் விநியோகப் பகுதிகளில் குழந்தைகளிடையே இரத்தம் கலந்த சீதபேதி குறைந்திருந்ததைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. பொதுவான வயிற்றுப்போக்கில் பெரிய வேறுபாடு இல்லை. நீர் மட்டும் மாறிக் கழிவகற்றல் மாறாவிட்டால் பலன் முழுமையடையாது என்பதற்கு அது சான்று.

யாருடைய சாதனை?

இங்கே நாம் ஒரு சங்கடமான கேள்வியை நேர்கொண்டு சந்திக்க வேண்டும். ஹூப்ளி-தார்வாடின் அந்த முன்மாதிரிப் பகுதிகளை நடத்தியது பிரான்சின் வியோலியா நிறுவனம். கடன் கொடுத்தது உலக வங்கி. “பார்த்தீர்களா, தனியார் வந்தால் நீர் தூய்மையாகிறது” என்று நவீன தாராளமய ஆதரவாளர்கள் சொல்வார்கள். நாம் தனியார்மயத்தை எதிர்க்கிறோம் என்பதற்காக 24 மணி நேர நீரையே எதிர்ப்பவர்களாகத் தோன்றினால், மக்கள் நம் பக்கம் நிற்க மாட்டார்கள், நிற்கவும் கூடாது.

ஈ.கோலையை வெளியே நிறுத்தியவை புதிய குழாய்களும் குறையாத அழுத்தமும். அவற்றுக்கான பணம் கடனாகப் பெறப்பட்டது. திருப்பிச் செலுத்துவது மக்கள்தான். நிறுவனம் தன் மூலதனத்தைக் கொண்டுவந்து புதைத்த குழாய்கள் அல்ல அவை. முன்மாதிரிப் பகுதிகள் நகர மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரையே எட்டின. அதே வேலையைப் பொதுத்துறை செய்ய முடியும் என்பதற்கு ஒடிசாவின் புரி நகரம் இருக்கிறது. அங்கு மாநில அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் மூலம், 2021 ஜூலையில், குழாயிலிருந்து நேரடியாகக் குடிக்கத்தக்க நீரை 24 மணி நேரமும் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. வீடுவீடாகச் சென்று நீரைச் சோதிப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். அவர்களுக்கு ஊக்கத்தொகைக்குப் பதில் முறையான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் வேண்டும் என்பது நமது கோரிக்கையாக இருக்க வேண்டும். ஆனால் பொதுத்துறையால் இயலாது என்ற வாதம் அங்கே உடைந்துவிட்டது. 2019இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு தில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் குழாய்நீரைச் சோதித்தபோது, அனைத்து மாதிரிகளும் தேறிய நகரம் மும்பை. அங்கு நீர் வழங்குவது மாநகராட்சிதான்.

மறுபக்கம், வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. இயந்திரத்தை விற்கும் சந்தை வளர்ந்து நிற்கிறது. பொதுக் குழாயின் பழுதைத் தனிமனிதப் பணப்பையால் அடைக்கும் ஏற்பாடு இது. அந்த இயந்திரம் நீரிலுள்ள குளோரினையும் நீக்கிவிடுகிறது. பராமரிக்கப்படாத அதன் வடிகட்டியிலும் சிறு தொட்டியிலும் உயிர்ப்படலம் தடையின்றி வளரும். வாங்க முடியாதவருக்கு நோய். வாங்க முடிந்தவருக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கை மட்டும்.

நமது கோரிக்கைகள்

அதிகக் குளோரின் இதற்குத் தீர்வாகாது. நீரிலுள்ள கரிமப் பொருளோடு அது சேர்ந்து டிரைஹாலோமீதேன் போன்ற தீங்கான துணைப்பொருட்களை உண்டாக்கும். படலத்தையும் முழுதாக அழிக்காது. எனவே நமது கோரிக்கைகள் குழாயின் முழு நீளத்திற்கும் நீள வேண்டும்.

ஒன்று: குழாய் ஒருபோதும் வெறுமையாகாத, அழுத்தம் குறையாத பொது விநியோகம். அதைப் பணக்காரப் பகுதியில் தொடங்காமல், குழாயின் கடைசி முனையிலுள்ள உழைப்பாளர் குடியிருப்புகளிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு: ஐ.எஸ். 10500 குழாய்நீர் வழங்கும் அமைப்புகளுக்குச் சட்டப்படி கட்டாயமாக்கப்பட வேண்டும். வார்டு வாரியாக, கடைசி முனைக் குழாயில் அளந்த எஞ்சிய குளோரினும் ஈ.கோலை முடிவும் பொது இடத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

மூன்று: சாக்கடையோடு பிணைந்து கிடக்கும் பழைய குழாய்களை மாற்றக் கால அட்டவணையும் நிதியும் அறிவிக்கப்பட வேண்டும். மூலநீரில் கழிவு கலப்பவர்கள் மீது நடவடிக்கை வேண்டும்.

நான்கு: வால்வு இயக்குவோர், குழாய் பழுதுபார்ப்போர், குளோரின் உருளைகளைக் கையாள்வோர், ஆய்வகப் பணியாளர்கள் ஆகிய அனைவரும் நிரந்தரமாக்கப்பட வேண்டும். எந்தத் தெருவில் எந்த இணைப்பு கசிகிறது என்பது அந்தத் தொழிலாளியின் நினைவில் இருக்கிறது. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் அந்த அறிவும் வெளியே துரத்தப்படுகிறது.

1991இல் சுபாஷ் குமார் வழக்கில், மாசற்ற நீரைப் பெறுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த உரிமையைக் குழாயின் கடைசி முனையில்தான் அளக்க முடியும். நமது கிளைகள் ஒவ்வொன்றும் எஞ்சிய குளோரினை அளக்கும் எளிய சோதனைப் பெட்டியொன்றை வாங்கட்டும். ஓரிரு நிமிடங்களில் நிறம் விடை சொல்லும். அந்த அளவுகளைத் தேதியோடும் தெருப் பெயரோடும் குறித்து வைப்போம். அடுத்த முறை “குளோரின் கலந்துதான் அனுப்பினோம்” என்று அதிகாரிகள் சொல்லும்போது, எங்கள் தெருவுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்ற கணக்கை அவர்கள் மேசையில் வைப்போம்.